சரிவந்த குலை

இணுவிலில் பந்தல் போட்டவர்கள் எல்லாரும் தின்ன நல்ல முந்திரிகைப்பழத்துக்காக, அதுதான் திராட்சைக்காக, மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இராசநாயகம் மட்டும் வைனுக்கென்றே ஒரு புதுத் திராட்சையை உண்டாக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீட்டுக் கொடியின் பூவில் ஆண் பாகத்தைக் கிள்ளி எறிவார். மன்னாரிலிருந்து கொண்டுவந்த புளிப்புக்கொடியின் மகரந்தத்தைத் தடவிக் கடதாசிப் பை கட்டுவார். அந்த விதை முளைத்துக் காய்க்க வருடக்கணக்காகும். ஊர் அவருக்குச் 'சாராயப் பந்தல்' என்று பட்டம் வைத்ததில் அதிசயமில்லை.

காய்த்ததைக் கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மனைவி கனகாம்பிகை. "சரிவராதப்பா, வாசமே இல்லை" என்றால் கொடியைக் கிண்டி எறிந்துவிடுவார். இராசநாயகத்தின் மூக்கிலிருந்து வாசத்தைக் கொரோனா கொண்டுபோயிருந்தது. இனிப்பை அளக்கக் கருவி உண்டு, வாசத்துக்கு அவள்தான் கருவி. போன மாசியில் அவளும் போய்விட்டாள்.

மிஞ்சி நின்ற கடைசிக் கொடி இந்த முறைதான் முதன்முதலாகக் காய்த்தது, அதுவும் ஒரேயொரு குலை. கருவி நல்ல கணக்குத்தான் காட்டியது. ஆனால் கடித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! யாரைக் கேட்பது? செத்தவீடு முடிந்த பிறகு அவர் ஒருவரோடும் வாய்திறந்து கதைத்ததில்லை.

ஒருநாள் காலை பார்த்தால் குலையைக் காணவில்லை. குலைக்குக் கட்டியிருந்த பை மடித்துக் கல்லுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. கோயிலுக்குப் பூ ஆய வளவுக்குள் வருவது அயல்வீட்டு அருமைநாயகி ஒருத்திதான். இராசநாயகம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தார்.

கந்தசுவாமி கோயில் வாசலில் படைத்த பழங்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தன் குலைக்கு அவரும் விலை கேட்டார்.

"பந்தல்காரரே முந்திரிகை ஏலம் எடுக்கிறார்!" என்று யாரோ சிரித்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, எடுத்துவிட்டார்.

அருமைநாயகி ஓடி வந்தாள். "முதல் காய்ப்பெல்லே அண்ணை. அக்கா இருந்தால் தானே கொண்டந்து குடுத்திருப்பா. நீங்கள் மறந்துபோனியளாக்கும் எண்டு நினைச்சன்."

ஏசத்தான் வந்திருந்தார். ஆனால் இது என்ன குலையென்று அவர் யாருக்குச் சொன்னார்? ஒரு பழத்தைப் பிடுங்கி நீட்டினார்.

"ஒருக்காக் கடிச்சுப் பாத்துச் சொல்லும்."

அவள் மென்றாள். முகம் கோணியது. "இனிப்பு இருக்கு. ஆனால் ஒரே கொட்டை, தோலும் தடிப்பு, கயர்க்குது. நாவற்பழம் மாதிரி ஒரு வாசம் வாயை விட்டுப் போகுதில்லை. குறை நினையாதேங்கோ அண்ணை, உது தின்னுற சாமானில்லை."

இராசநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். தடித்த தோல், கயர்க்கும் துவர்ப்பு, போகாத வாசம்! வைனுக்கு வேறென்ன வேண்டும்? அருமைநாயகி பயந்துபோய்ப் பார்த்தாள். அவர் குலையை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினார்.

படலையைத் தள்ளும்போதே பழைய பழக்கத்தில் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்சேரும்! சரிவந்திட்டுது!"

கதவில் பூட்டுத் தொங்கியது. காலையில் அதைப் பூட்டியது அவர்தான்.