பியானோவைக் கரையேற்றிய பாட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை என்னிடம் கேட்டவர் ஒரு சென்னைப் பத்திரிகை ஆசிரியர். "வெளிநாட்டு மோகத்தில் அழியும் முத்துக்குளித்துறைக் கலை. வாசகர் அழ வேண்டும்" என்றார். நாங்கள் சங்கும் முத்தும் விற்ற குடும்பம். வாங்க வந்தவர் கேட்டதை உடனே எடுத்து நீட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. "அது கிடக்கட்டும், இதைப் பாருங்க" என்போம்.

பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "1976. தூத்துக்குடியில் மாலைச் சூரியன் கடலில் மெல்ல……"

(நிறுத்து. எங்கள் கடல் கிழக்கே கிடக்கிறது. சென்னை ஆசிரியருக்காகச் சூரியனைத் திருப்ப முடியாது.)

இரண்டாவது: "அந்நியப் பண்பாடு நம் வாசலில் நுழைந்தபோது……"

(எந்த வாசல்? மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசியன் வாயிலிருந்து எடுத்து எங்களுடையதாக்கிக்கொண்ட சொற்கள். அவன் போய்விட்டான், சாவி எங்களிடம் இருக்கிறது.)

மூன்றாவது: ஒரு பெண்கள் பள்ளி. அதன் கூடத்தில் ஒரு பியானோ. இசை ஆசிரியை பிளாரன்ஸ், மீனவர் வாழும் திரேஸ்புரத்துக்காரி. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பிளாரன்ஸ் கேட்டது வாரத்தில் ஒரே ஒரு பீரியட். அதில் அம்பா சொல்லிக்கொடுக்க வேண்டும். அம்பா என்றால் தோணியும் வலையும் இழுக்கும்போது பாடுகிற பாட்டு.

தலைமையாசிரியை சிஸ்டர் இசபெல்லாவும் தருவைகுளம் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். ஆனாலும் மசியவில்லை.

"பியானோ பரீட்சைக்கு லண்டன்ல இருந்து ஆள் வாராரு. ஒன் அம்பாவுக்கு எவரு வருவாரு?"

"அவரையே கேக்கச் சொல்லுங்க சிஸ்டர். நல்லாருக்குன்னு சொன்னா பீரியட் தாங்க."

"இல்லன்னா?"

"இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

(இங்கே எனக்குப் பிளாரன்ஸ்மேல் கோபம். எங்கள் பாட்டை மதிக்க லண்டன்காரர் எதற்கு? ஒரு வரைவில் அவள் வாயை மூடிப் பார்த்தேன், கதையும் மூடிக்கொண்டது. சரி, பேசட்டும்.)

4

பரீட்சை முடிந்தது. லண்டன் தேர்வாளர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தார். வெள்ளைச் சாக்ஸ் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் அடி எடுக்க வேண்டியவள் ஹில்டா. எடுத்தாள், கொசு முனகியது போல் இருந்தது. அடுத்த அடி வரவே இல்லை.

"ஏளா ஹில்டா, கடக்கரையில காது கிழியப் பாடுவியே, என்னாச்சு?"

"கை சும்மா இருக்கே டீச்சர். எதை இழுக்க?"

பிளாரன்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கையில் கனம் இல்லாமல் அம்பா பாடுகிறவரை அவர்கள் தெருவில் பைத்தியம் என்பார்கள். அதை மறந்து, ஜெபப் பாட்டு மாதிரி நிற்கவைத்துவிட்டாள்.

"விளையாட்டு ரூம்ல வடம் கெடக்கு. கொண்டாங்களா!"

வடம் வந்தது. அதை அவள் பியானோவில் கட்டினாள்.

(முந்தைய வரைவில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வேண்டாம். கடையில் இருக்கும் சரக்கே போதும்.)

"பிளாரன்ஸ்! அது கப்பல்ல வந்த சாமான்!" என்று சிஸ்டர் அலறினார்.

"கப்பல்ல வந்ததைக் கரையேத்தத்தான் சிஸ்டர் இந்தப் பாட்டே இருக்கு."

கை இறுகியதும் ஹில்டாவுக்குத் தொண்டை திறந்தது.

"கடலம்மா கை கொடுத்தா…"

"ஐலசா!"

"கப்பலென்ன தோணியென்ன…"

"ஐலசா!"

துருப்பிடித்த சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஒவ்வோர் இழுப்புக்கும் பியானோவின் கம்பிகள் உள்ளேயே முனகி, தாங்களும் சேர்ந்துகொண்டன. பெண்கள் பின்வாங்கிப் பின்வாங்கி வராந்தாவுக்கே போய்விட்டார்கள். பியானோ வாசலில் சிக்கிக்கொண்டது. தேர்வாளரும் சிஸ்டரும் உள்ளே.

5

முடிவு (அ): தேர்வாளர் கண்கலங்கிக் கைதட்டுகிறார். பீரியட் கிடைக்கிறது.

முடிவு (ஆ): முகம் சுளிக்கிறார். கிடைக்கவில்லை.

இரண்டிலும் கடைசி வார்த்தை அவருடையது. அதை அவருக்குக் கொடுப்பதாக இல்லை. அவருக்கு ரயிலுக்கு நேரமாகிறது. கோப்பையை வைத்துவிட்டு, பியானோவுக்குத் தோள் கொடுத்துத் தள்ளுகிறார். அசையவில்லை. அவருக்கு இவ்வளவுதான் வேலை.

"வெளிய இழுங்களா!" என்கிறார் சிஸ்டர்.

வராந்தாவிலிருந்து பிளாரன்ஸ்: "பாட்டில்லாம நகராது சிஸ்டர். நீங்களும் ஒரு கை வைங்க."

சிஸ்டர் தேர்வாளரைப் பார்க்கிறார். பிறகு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பியானோவில் ஊன்றுகிறார். ஹில்டா உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

"கடலம்மா கை கொடுத்தா…"

பெண்கள் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. தருவைகுளத்துக்காரரின் வாய் மட்டும் திறக்கிறது.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். அவர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக; பியானோ நல்ல கனம்.