புஸ்தோஸின் ஏழாவது இன்னிங்ஸ்

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரு புத்தகம். வழவழப்பான தாளில் அச்சடித்து, எங்கள் ஊர் பேஸ்பால் அணி தன் நிரந்தர ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்பிய புத்தகம். தலைப்பு 'பத்தாண்டுப் பயணம்'. இரண்டாயிரத்துப் பத்து முதல் பத்தொன்பது வரை. அந்தப் பத்து வருடத்தில் நாரைகள்* ஒருமுறைகூட அக்டோபரில் நடக்கும் இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குத் தகுதி பெறவில்லை. ஒரு வருடம் நூற்றேழு ஆட்டங்கள் தோற்றார்கள். இதற்குப் பெயர் பயணமாம்.

சமையலறையில் நின்றபடியே அறுபத்துநான்கு பக்கங்களையும் புரட்டினேன். எலியாசர் புஸ்தோஸின் பெயர் இல்லை. மறுபடி புரட்டினேன். இடைவேளையில் ஹாட் டாக் வேடம் போட்டு ஓடியவனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். புஸ்தோஸுக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதாதே என்பார்கள். ஆறிப்போன பிறகு எழுதி யாருக்கு என்ன லாபம்?

(* அணியின் பெயர் ஹெரான்ஸ். சட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. இன்னொரு கால் எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களிடம் பதில் இருந்ததில்லை.)

2

முதல் தொடக்கம்: "செப்டம்பர் மாதத்து ஏரிக்காற்று மைதானத்தின் மேல் மெல்ல"

[காற்றில் தொடங்குகிறவன் எதையோ தள்ளிப்போடுகிறான். விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: "பேஸ்பால் தோல்விகளால் ஆன விளையாட்டு. பத்துக்கு மூன்று முறை அடிப்பவனே இங்கே மேதை. ஆகவே பொறுமை என்பது"

[இதைத்தான் அணி நிர்வாகத்தின் தலைவர் ஒவ்வொரு ஏப்ரலிலும், ஆட்டப் பருவம் தொடங்கும்போது, சொன்னார். "நாம் கட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறோம்" என்பார். பத்து ஏப்ரல். அடித்தளம்கூடத் தெரியவில்லை. அவருடைய வாக்கியம் என் கதையில் வேண்டாம்.]

மூன்றாவது, நேராக: புஸ்தோஸ் நிகராகுவாவிலிருந்து பதினேழு வயதில் இந்த அணிக்கு வந்தான். பந்தெறிபவன், பிட்சர். இரண்டாயிரத்துப் பதினாறில் அவனுக்கு இருபத்துமூன்று வயது. அந்த ஒரு வருடம்தான் நாரைகள் ஜெயித்தார்கள். அவன் எறிந்த நாட்களில் ஜெயித்தார்கள் என்பதே சரி. அந்தக் கோடையில் ஊரில் முன்பின் தெரியாதவர்கள் பெட்ரோல் பங்கில் பேசிக்கொண்டார்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

லைல் மெக்கார்டில் எட்டு வருடம் நாரைகளின் பிட்சர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு அவரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது அவருக்கும் எனக்கும் ஒரே முழங்கால் மருத்துவர். புத்தகம் வந்த வாரம், மருத்துவரின் முன்னறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புஸ்தோஸ் ஏன் இல்லை என்று கேட்டேன். சண்டை பிடிக்கிற குரலில்தான் கேட்டேன்.

அவர் மடியிலிருந்த படிவத்தை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

ஒரு பிட்சர் ஒரு ஆட்டம் எறிந்தால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. அந்த செப்டம்பரில் நாரைகள் தகுதிக்கு ஒரே ஒரு வெற்றி பின்தங்கியிருந்தார்கள். அதனால் புஸ்தோஸுக்கு ஓய்வைக் குறைத்தார்கள். இரண்டு முறை குறைத்தார்கள், மூன்றாவது முறைக்கும் சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. புதன்கிழமை உடைமாற்றும் அறையில் புஸ்தோஸ் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருப்பதை லைல் பார்த்தார். வலது கையில் கடைசி இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி இல்லை.

லைல் நேரே மேல்மாடிக்குப் போய்த் தலைவரிடம் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமைக்கு நாற்பத்தோராயிரம் இருக்கையும் நிரம்பிவிட்டது, பத்தாண்டில் முதல் தடவை என்றார். அவன் முடியாது என்று சொன்னால் நிறுத்திவிடலாம், நீயே போய்க் கேள் என்றார்.

"இருபத்துமூணு வயசுல எவன் முடியாதுன்னு சொல்லுவான், செல்?" என்றார் லைல். (என் பெயர் செல்வமணி. முப்பது வருடமாக இங்கே நான் செல்.) "போய்க் கேட்டேன். 'முடியும் கோச்'னான். அதைத்தான் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு எழுந்தார்.

4

சனிக்கிழமைப் பிற்பகல். ஒன்பது இன்னிங்ஸில் ஆறு வரை எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூட இல்லை. நாரைகளுக்கு இரண்டு. ஏழாவதில் புஸ்தோஸின் வேகம் குறைந்தது. பந்து அவன் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் வலது கையை உதறிக்கொண்டான்.

களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் அவனை வெளியே எடுக்க மைதானத்துக்குள் நடந்தார். மொத்த அரங்கமும் அவரைப் பார்த்து ஊளையிட்டது. அவர் புஸ்தோஸ் பக்கத்தில் போய் நின்று, ஏதோ சொல்லி, தலையைத் தூக்கி ஒரு சுற்று எங்களைப் பார்த்தார். புஸ்தோஸ் தலையசைத்தான். மேனேஜர் தனியாகத் திரும்பி நடந்தார். அந்த நடைக்குக் கிடைத்த கைதட்டல் பத்து வருடத்தில் எந்த வெற்றிக்கும் கிடைக்கவில்லை.

[முதலில் 'அரங்கம்' என்றேன், அடுத்த வரியில் 'எங்களை' என்றேன். எழுதும்போதே கை வழுக்குகிறது. பிறகு வருகிறேன்.]

அடுத்த ஆட்டக்காரன் ஆட்டமிழக்காமல் தப்பினான். அதற்கடுத்தவனுக்கு எறிந்த பந்து பாதி வழியிலேயே தரையில் விழுந்தது. புஸ்தோஸ் கத்தவில்லை. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். எதிரணி உட்கார்ந்திருக்கும் பக்கம் நடந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எதிரணியின் ஆள்தான் ஓடிவந்து, தோளைப் பிடித்து, மெதுவாக அவனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டான்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒரு வெற்றி வித்தியாசத்தில் அந்த வருடமும் போனது. புஸ்தோஸுக்கு இரண்டு அறுவை சிகிச்சை. இரண்டு வருடம் கழித்து, அவன் காரோட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டு, நீ இனி தேவையில்லை என்றார்கள். அந்த ஏப்ரலிலும் தலைவர், கட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

5

இதுவரை எழுதியதை ரோண்டாவிடம் சொன்னேன். ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருடமாக அரங்கத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதால் வாயால் சொன்னேன். அவள் தன் வீட்டு அடுப்பில் பியரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் வதக்கிக்கொண்டே கேட்டாள். சொல்லும்போது நான் தலைவருக்குச் சின்னக் கண்களும் ஈரமான கைகளும் வைத்திருந்தேன். நிஜத்தில் அவர் லட்சணமான மனிதர்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அந்தாளு கெட்டவன். சரி, ஒத்துக்கறேன். உன் கதையில நாம எங்க?"

நமக்கென்ன, நாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்றேன். அவள் போய்த் தன்னுடைய புத்தகத்தை எடுத்துவந்து முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அந்தச் சனிக்கிழமையின் கூட்டம். கீழே 'மறக்க முடியாத உற்சாகம்' என்று போட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் வாயை முழுக்கத் திறந்து, முஷ்டியை ஓங்கிக்கொண்டு ஒருவன்.

"இது யாரு? மேனேஜரைப் பார்த்து 'உள்ள போடா, அவனை விடு'ன்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு? நீயும் நானுந்தான். எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் குரலே வரல. பேருந்துல பிள்ளைங்களைக் கை காட்டித்தான் உக்கார வச்சேன்."

புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன் என்று முதல் பகுதியில் எழுதினேன். அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று எங்கும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, நீங்கள் கவனிக்கக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.

அவன் விரல்கள் மரத்திருந்தது எங்களுக்குத் தெரியாது, உண்மை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் கையை உதறினானே, அதை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். பத்து வருடம் தோற்றவனுக்கு ஒரு வெற்றி தந்துவிட வேண்டும், யார் கையை ஒடித்தாவது.

6

பிப்ரவரியில் லைல் கூப்பிட்டார். புஸ்தோஸைப் பார்க்கப் போக வேண்டும், மூன்று வருடமாகத் தனியாகப் போக முடியவில்லை, கூட வருகிறாயா என்றார். போனேன்.

புஸ்தோஸ் ஊருக்குத் தெற்கே அரை மணி தூரத்தில் இருக்கிறான். மனைவியின் அண்ணன்களோடு சேர்ந்து வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. எங்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி போட்டான். பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் இடது கையில் எடுத்தான்.

லைல் வழியெல்லாம் தயார் பண்ணிய வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "உன்னை நான் கேட்டிருக்கவே கூடாது. நானே நிறுத்தியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

புஸ்தோஸ் சர்க்கரையைக் கலக்கி முடித்தான்.

"நீங்க கேக்கவாவது செஞ்சீங்க கோச். வேற யாரும் கேக்கல." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எம் பொண்ணுக்குத் தலை பின்னிவிட என்னால முடியல. விரல் பிடிக்க மாட்டேங்குது" என்றான்.

லைல் தலையாட்டினார். புஸ்தோஸ் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க யாரு? பத்திரிகையா?"

ரசிகன் என்றேன்.

"அப்படியா. அந்தச் சனிக்கிழமை வந்திருந்தீங்களா?"

7

முடிவு ஒன்று: வந்திருந்தேன், கத்தினேன், தப்பு என்று சொல்கிறேன். அவன் என் கையைப் பிடித்து

[எந்தக் கையால்? கதைக்காரனுக்கு மன்னிப்பு தேவைப்படும்போதெல்லாம் பாத்திரங்கள் வந்து கை கொடுத்துவிடுகிறார்கள். கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: "வரல, ரேடியோவில கேட்டேன்" என்கிறேன். அவன் நம்புகிறான். இந்த முடிவுதான் தடங்கலில்லாமல் வந்தது. ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம். கிழித்துப் போட்டேன்.

முடிவு மூன்று: எனக்குப் பதிலாக லைல்

[முடியாது. இன்னொருவர் தலையில் எவ்வளவுதான் கட்டுவது?]

நான் என்ன பதில் சொன்னேன் என்பது அந்தச் சமையலறையில் இருந்த மூன்று பேருக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் என்னைக் காறித் துப்புவீர்கள், அல்லது தட்டிக்கொடுப்பீர்கள். எப்படியானாலும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அந்த நிம்மதியை நான் தரமாட்டேன். நீங்களும் எங்கேயோ ஒரு மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கத்தியவர்தான்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்ட அதே குரல்தான். கேட்டுவிட்டு, அவசரமில்லாமல் காத்திருந்தான்.

நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பதில் சொல்லுங்கள்.