நட்பான வணக்கங்களுடன், ஆஸ்கெர்

1.

இந்தக் கதை என் கற்பனை அல்ல. ஓர்ஹூஸ் நகர டிராமில் திருடியது. முன் இருக்கைப் பெண் தோழியிடம் கைபேசியை நீட்டிப் பொரிந்துகொண்டிருந்தாள்.

“பாருடி, எம்.வி.ஹெச். போட்டிருக்கான்! நான் என்ன வரி ஆபீஸா?”

(இங்கே காதலிக்கு அனுப்பும் செய்தி ‘கே.ஹெச்.’ என்று முடியும்: அன்பான வணக்கங்களுடன். ‘எம்.வி.ஹெச்.’ என்றால் நட்பான வணக்கங்களுடன். உங்கள் குப்பைத்தொட்டியை மாற்றித் தர முடியாது என்று நகராட்சி எழுதும் கடிதத்தின் அடியில் அதுதான் இருக்கும்.)

2.

அவளுக்கு டித்தே என்று பெயர் வைத்தேன். தோழி சிக்ரிட். செய்தி எழுதிய காதலன் ஆஸ்கெர். தொடக்கம்:

மழை பெய்துகொண்டிருந்தது, டித்தேயின் இதயத்திலும்—

வேண்டாம். இந்த ஊரில் மழை ஒரு செய்தியே அல்ல. நேராகவே சொல்கிறேன். டித்தே கேட்டிருந்தாள்: “இன்னிக்கு அம்மாவோட அறுபதாவது பிறந்தநாள். வருவியா?” வந்த பதில்: “வரேன். எம்.வி.ஹெச்.”

“வரேன்னுதானேடி சொல்லியிருக்கான்?” என்றாள் சிக்ரிட்.

“தெருவிளக்கு ரிப்பேர் பண்றவங்களும்தான் வரேன்னு சொல்றாங்க.”

“போன் பண்ணிக் கேளேன்.”

“போனா? யாராவது செத்தாத்தான் போன் பண்ணுவோம். ஸ்டேஷன் வர்றதுக்குள்ள ஒழுங்கா எழுதலைன்னா, அவன் வீட்டுச் சாவியை அவன் தபால்பெட்டியிலயே போட்டுட்டுப் போயிடுவேன்.”

3.

ஆஸ்கெர்மேல் எனக்கே சந்தேகம். முதல் வரைவில் அவன் நகராட்சியில் நாள் முழுக்கக் குப்பைப் புகார்களுக்குப் பதில் எழுதுபவன், விரல் பழக்கதோஷம். பாவம். இரண்டாம் வரைவில் வேண்டுமென்றே போடுகிறான்: போன வருடம் அவன் எழுதிவந்த பிறந்தநாள் பாட்டை அவள் அம்மா எல்லோர் முன்னும் திருத்தினார். (இங்கே பிறந்தநாளுக்கு விருந்தாளி பாட்டெழுதி வந்து எல்லோரையும் பாடவைக்க வேண்டும். சாப்பாடு பிறகுதான்.) இரண்டு ஆஸ்கெர்களும் அனுப்புவது அதே மூன்றெழுத்து. எழுத்தாளனுக்கே தெரியாததை டித்தே மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

4.

சிக்ரிட் ஜன்னல் பக்கம் திரும்பி, கள்ளத்தனமாக ஆஸ்கெருக்குத் தட்டினாள்: “டேய் மக்கு, நீ அனுப்பினதோட கடைசியைப் பாரு.”

டித்தேயின் திரையில், ஆஸ்கெர் தட்டுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளத் தொடங்கின. நின்றன. மறுபடி துள்ளின. (நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. கதைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று நம்புங்கள்.)

முடிவு அ: சாவி தபால்பெட்டியில் ‘டங்’ என்று விழுகிறது. இலக்கியத்தரமானது.

முடிவு ஆ: மூவரும் விருந்தில் கண்றாவியாகப் பாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்காது.

இரண்டையும் அடித்துவிட்டேன். ஆஸ்கெர் ‘கே’ வரை வந்துவிட்டான். மிச்ச எழுத்தை நீங்கள் போடுங்கள். சீக்கிரம்; ஸ்டேஷன் வருகிறது, அவள் பைக்குள் சாவியைத் தேடுகிறாள்.