மூஞ்சியம்மாவின் வரி

பல் பிடுங்கப் போன இடத்தில்கூட என்னை விடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, பாதித் தாடை மரத்துப்போய்ப் படுத்திருக்கிறேன். டாக்டர் கையில் குறடோடு குனிந்து, "மேடம், ஊசி முழுசா வேலை செய்யறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்த மூஞ்சியைக் காட்டிருங்களேன், என் மனைவிக்கு அனுப்பணும்" என்கிறார். பிடுங்க வேண்டியது என் பல்லையா, அவருடைய நாக்கையா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. என் வாயில் பஞ்சு இருந்ததால் மனிதர் தப்பித்தார்.

அந்த மூஞ்சி எது என்று தெரியாதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களுக்குக் கோடிக் கும்பிடு. மற்ற எல்லாருடைய போனிலும் அது இருக்கிறது. மருமகள் மாமியாருக்கு அனுப்புகிறாள். மானேஜர், லேட்டாக வருகிறவனுக்கு அனுப்புகிறார். கண் ரெண்டும் பாதி மூடி, உதடு ஒரு பக்கமாக இறுகி, 'இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று கேட்கிற மாதிரி ஒரு பொம்பளை பார்ப்பாளே, அது நான்தான். என் மாமனார் போன அன்றைக்குத் துக்கம் கேட்க வந்த ஒருவர், என் கையைப் பிடித்து நன்றாக அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்த கையோடு போனை எடுத்து, "தப்பா நினைக்காதீங்க..." என்று ஆரம்பித்தார். தெருவில் எனக்குப் பெயரே மூஞ்சியம்மா. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைப் பையன்கள் அவருடைய பிறந்தநாளுக்கு என் மூஞ்சி போட்ட கப் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க, அந்த மனுஷனும் அதில் தினமும் டீ குடிக்கிறார். கேட்டால், "கைப்பிடி நல்லா இருக்கும்மா" என்பார்.

எங்கள் சிரிப்பு ஷோ டிவியில் வெள்ளிக்கிழமை தோறும் நேரலையாக வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிக் குட்டி ஸ்கிட், எதிரே கூட்டம், தப்பு வந்தால் வந்ததுதான். நான் அதில் நர்ஸ், வீட்டு ஓனர், திருடன் பெண்டாட்டி, பாங்க் அதிகாரி எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் சிரிப்பு வாங்குகிற வேலை என்னுடையது இல்லை. "அப்படியா சார்? அப்புறம்?" என்று நான் கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் பதில் சொல்லிக் கைதட்டு வாங்குவார். பக்கவாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருந்தவர் பெரும்பாலும் பல்லழகர். முப்பத்திரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதற்கென்றே பிறந்தவர். ஷோவே அவர் பல்லில்தான் ஓடியது.

அந்த ஸ்கிட் இதுதான். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களுக்கான அறை. பின்னால் அலமாரி நிறையக் குடைகள். கவுண்டரில் நான் குமாஸ்தா. பல்லழகர் ஓடி வந்து, கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொல்கிறார். உயரம் என்ன? தெரியாது. என்ன கலரில் உடுத்தியிருந்தார்? ஞாபகமில்லை. கண்ணாடி போட்டவரா? வீட்டில் யாரோ போட்டிருப்பார்கள். கடைசியில் மனுஷன் பொறுமையிழந்து, "அப்போ அவ கிடைப்பாளா, மாட்டாளா?" என்று கேட்க வேண்டும். எழுதி வந்த தாளில், அப்போது மனைவி ஓடி வந்து குடையால் அவரை அடிப்பதோடு முடிந்திருந்தது. அடித்தால் சிரிப்பார்கள் என்று எழுதுகிற சோம்பேறித்தனம் எனக்கு எப்போதுமே ஆகாது. நான் வேறு ஒரு முடிவு சொன்னேன். ஒரே ஒரு வசனம், குமாஸ்தா சொல்வது.

ஒத்திகையில் லைட் பிடிப்பவர்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள். ஸ்கிட் எழுதுகிறவர்கள் உட்காரும் எழுத்து அறையின் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை இது எடுபட்டுச்சுன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க எங்க ரூம்ல உக்காருங்க. மூணு பேர் எழுதறோம், நாலா இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷத்தை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போய்விடும் என்று நினைக்கிற ரகம் நான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பல்லழகர் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தார். சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து இன்னும் சிரித்தார், கவுண்டரில் தலையை வைத்துச் சிரித்தார், கீழே உட்கார்ந்து சிரித்தார். கூட்டம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. கேமரா பிடித்தவன் தோள் குலுங்கியதில் படமே ஆடியது. நான் மட்டும் வரியை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்து, விளம்பரம் வந்துவிட்டது. நிற்கும்போது என் முகம் எப்படி இருந்ததோ, அதைத்தான் நீங்கள் எல்லாரும் போனில் வைத்திருக்கிறீர்கள்.

ஷோவின் சரித்திரத்தில் மறக்க முடியாத தருணம் என்று மறுநாளே பேப்பரில் போட்டார்கள். எழுத்து அறைத் தலைவர், "உங்க டயலாக் வெளிய வரலியே, எடுபட்டுச்சா இல்லையான்னு எப்படிச் சொல்றது? அப்புறம் பாப்போம்" என்றார். அந்த ஸ்கிட்டை இன்னொரு தடவை போடுங்கள் என்று டைரக்டரிடம் கேட்டேன். "ஐயோ, அது சரித்திரம் ஆயிருச்சும்மா, அதைத் தொடக்கூடாது" என்றார். அதற்கப்புறம் எனக்கு வந்த ஒவ்வொரு ஸ்கிட்டிலும் 'மூஞ்சி காட்டுகிறாள்' என்று மட்டும் எழுதியிருந்தது. வீட்டில் நானாகவே எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், அந்த வரியே மொக்கையாக இருந்திருந்தால் என்று தோன்றும். லைட் பிடிப்பவர்கள் எதற்குத்தான் சிரிக்க மாட்டார்கள்? எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன். வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார், "எங்கிட்டயாவது அந்த வரியைச் சொல்லேன்மா" என்று. சொன்னதில்லை. அவரும் சிரிக்காவிட்டால் நான் எங்கே போவது?

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடியபின் போன் வந்தது. ஷோவை இப்போது நடத்துகிற புதுத் தயாரிப்பாளர். மறக்க முடியாத தருணங்கள் என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சியாம், மறுபடி நேரலையாம், நாங்கள் இரண்டு பேரும் அதே கவுண்டரில் அதே ஸ்கிட்டைச் செய்ய வேண்டுமாம்.

"செய்யறேன். ஆனா கடைசி டயலாக்கை நான் சொல்லணும்" என்றேன்.

"தாராளமா மேடம்! என்ன டயலாக்?"

என்ன டயலாக் என்று கேட்கிறான். சரித்திரத்தைக் கொண்டாடுகிறவனுக்கு அதில் ஒரு டயலாக் இருந்ததே தெரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் பாத்திரங்களோடு சண்டை போட்டேன்.

நிகழ்ச்சி அன்று தயாரிப்பாளர் கழுத்தில் ஹெட்போனோடு வந்து ஒப்பித்தார். "பல்லழகர் சார் சிரிப்பாரு, நீங்க மூஞ்சி காட்டுவீங்க, கைதட்டு, அப்படியே விளம்பரத்துக்குப் போயிடுவோம்."

"என் டயலாக்?"

"நேரம் இருந்தா கண்டிப்பா மேடம். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க, மூஞ்சிக்கு. புரிஞ்சுக்குங்க."

சரி சரி என்று தலையாட்டியவனெல்லாம் கடைசியில் இதைத்தான் சொல்வான். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். மேக்கப் போடுகிற பெண் தோளை அழுத்தி, "கண்ணை மூடுங்கம்மா" என்றாள். மூடியிருக்கும்போதுதான் அது காதில் விழுந்தது. மூலையில் இருந்த டிவியில், பல்லழகர் முந்தின நாள் கொடுத்த பேட்டியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையச் சொல்லணும்னா அது தானா வந்த சிரிப்பு இல்லீங்க" என்றது அவர் குரல். "கடைசியில அந்தம்மாவுக்கு ஒரு டயலாக் இருந்துச்சு. என்ன டயலாக்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. ரிகர்சல்ல அத்தனை பயலும் அதுக்குத்தான் சிரிச்சான். ஸ்கிட் என்னுது, கைதட்டு அவங்களுக்கா? சரி, அது வர்றதுக்கு முன்னாடியே நாம சிரிச்சிட்டா என்னன்னு தோணுச்சு. பாருங்க, எப்படி ஒரு ஹிட்டு!" பேட்டி எடுத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். மை கன்னத்தில் இழுத்துக்கொண்டது. தற்செயல், தலையெழுத்து, மனுஷனுக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது, பாவம் அவர் என்ன செய்வார் என்று நான்தான் இத்தனை வருஷம் அவருக்காக எனக்குள்ளேயே வக்கீலாக வாதாடியிருக்கிறேன்!

நேரே அவர் அறைக்குப் போனேன். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதான் சிரிச்சீங்களா?"

"அட, வாம்மா வா, உக்காரு" என்றார். "அதெல்லாம் பழைய கதை. அதுனாலதான நீ உலகத்துக்கே தெரிஞ்ச? நியாயமாப் பாத்தா நீ எனக்கு நன்றி சொல்லணும்."

நன்றியாம்! வாய் வரைக்கும் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதற்குள் வெளியே, எங்களை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதே அறையை அப்படியே கட்டியிருந்தார்கள், குடைகள் உட்பட. ஸ்கிட் ஓடியது. உயரம் தெரியாது, கலர் ஞாபகமில்லை, எல்லாம் வரிசையாக வந்தது. கடைசிக் கேள்வி வர வேண்டிய இடத்தில் பல்லழகர் வாயைத் திறந்தார், சிரித்தார். கவுண்டரில் தலையை வைத்துச் சிரித்தார். கூட்டமும் கூடச் சிரித்தது. அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரியுமே, போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் மூஞ்சியைக் காட்டவில்லை. ரிஜிஸ்டரில் பேனாவை வைத்தபடி, எதிரே நிற்கும் ஆள் பேசி முடிக்கட்டும் என்று குமாஸ்தா பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன். நிஜச் சிரிப்பு அடங்கினாலும் திரும்ப வெடிக்கும். பொய்ச் சிரிப்புக்கு மூச்சுதான் முதல், அதை வாங்கி வாங்கிச் செலவழிக்க வேண்டும். இந்த வயதில் அவரிடம் எவ்வளவு இருந்துவிடும்? எதிராளி சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பதுதான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை. அதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது.

"மூஞ்சி... மூஞ்சியக் காட்டித் தொலையேன்" என்று பல்லுக்கு நடுவே முனகினார். கேமராவுக்குப் பின்னால் தயாரிப்பாளர் தன் முகத்தை இரண்டு கையாலும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. தூக்கிய போன்கள் தாழ்ந்தன. அவர் இன்னும் இரண்டு தடவை 'ஹ, ஹ' என்றார், இருமினார், துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணைத் துடைத்தார். அப்புறம் ஒரே அமைதி.

மேடையில் அமைதியைத் தாங்குகிற நடிகன் கிடையாது. வேறு வழியே இல்லாமல், என்றைக்கோ கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அ... அப்போ அவ கிடைப்பாளா, மாட்டாளா?"

நான் ரிஜிஸ்டரை ஒரு பக்கம் புரட்டினேன். விரலை வைத்துப் படித்தேன்.

"உங்க வீட்டம்மா தொலையல சார். காலையிலேயே வந்து, உங்களை இங்க ஒப்படைச்சுட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. உள்ள போய் அந்தக் குடைங்களோட உக்காருங்க."

ஒரு நொடி ஒன்றுமில்லை. பின்வரிசையில் ஒரு பெண் வீல் என்று கத்தினாள். அடுத்து எல்லாரும். மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. அடங்கப் பார்த்து, பல்லழகர் திரும்பிக் குடைகளைப் பார்த்ததும் மறுபடி வெடித்தது. அந்த மனுஷனும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பல்லே தெரியாமல் சிரித்தார். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, யாரும் விளம்பரத்துக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் முன்வரிசையில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அவ்வளவு சந்தோஷம். கால் தரையில் பாவாமல்தான் மேக்கப் அறைக்கு வந்து சேர்ந்தேன்.

பின்னாலேயே தயாரிப்பாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், மன்னிச்சிருங்க, நான் ஒரு மடையன். அந்த டயலாக்கை யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நீங்களா? இப்படி எழுதற ஆளைத்தான் மேடம் நாங்க தேடிக்கிட்டே இருக்கோம்." எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முகமெல்லாம் ஆசை. "அப்போ இத்தனை வருஷத்துல நிறைய எழுதி வச்சிருப்பீங்களே, எல்லாத்தையும் குடுங்க மேடம். ஒண்ணு விடாமப் போடறேன்."

அது நல்ல வரிதான். அந்த வெள்ளிக்கிழமை அன்றைக்கும் நல்ல வரிதான்.

"எழுதல தம்பி" என்றேன். "அதுக்கப்புறம் ஒண்ணுகூட எழுதல."