துஷாந்த் (நோபல் பார்க்)

1

இந்தக் கதையில் முதலில் ஒரு குதிரை இருந்தது.

அவுஸ்திரேலியாவில், ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஆண்டு மலர் வெளியிடும் ஒருவர் "இந்த மண்ணின் கதை" ஒன்று கேட்டார். நான் ஒரு வழிப்பறிக்காரனைத் தேர்ந்தேன். நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய விக்டோரியா, கோனர் என்ற ஐரிஷ்காரன், காடு, துப்பாக்கி. நான் குதிரையைத் தொட்டதுகூடக் கிடையாது. அதனால் குதிரையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன்.

முதல் தொடக்கம்: கோனர் மலையுச்சியில் நின்று கீழே பார்த்தபோது, பள்ளத்தாக்கு முழுவதும்

(விட்டுவிட்டேன். தலைமறைவாக இருப்பவனை மலையில் ஏற்றாமல் ஒருவருக்கும் எழுதத் தெரியாது போல.)

இரண்டாவது தொடக்கம் ஒரு சட்டம். அந்தக் காலத்தில் தேடப்படுகிறவனின் பெயரைப் பத்திரிகையில் போட்டு, இன்ன தேதிக்குள் சரணடை என்பார்கள். தேதி தாண்டினால் அவன் சட்டத்துக்கு வெளியே போய்விடுவான். எச்சரிக்கை செய்யாமலே யாரும் அவனைச் சுடலாம். இடம் கொடுத்தவர் சிறைக்குப் போவார்.

கோனர் நான் கற்பனையில் கட்டியவன். சட்டம் உண்மையாகவே இருந்தது.

2

எழுதியதை துஷாந்துக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாடகைக்கு இருக்கும் நோபல் பார்க் வீட்டின் கராஜில் இருப்பவன் அவன். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நாட்டை விட்டுப் போகச் சொன்ன தேதி தாண்டி இரண்டு வருடமாகிறது. துப்புரவு வேலை செய்யும் இடத்தில் அவன் பெயர் சஞ்சீவ். வீட்டுக்காரி இராஜேஸ்வரி அன்ரி, கேட்பவர்களிடம் "என்ர சித்தியின்ர பேரன்" என்பார். அன்ரிக்குச் சித்தியே கிடையாது.

(நோபல் பார்க் என்று எழுதியிருக்கிறேன். அது வேறு இடம். துஷாந்தும் வேறு பெயர்க்காரன். இதைவிட அதிகமாக என்னிடம் கேட்கக்கூடாது.)

"குதிரை வைச்சிருக்கிறான். பிறகேன் ஒரே இடத்தில நிண்டு யோசிக்கிறான்?" என்றான்.

"அவனுக்குத் தனிமை."

"என்ன தனிமை? அவனுக்குப் பின்னால முழுப் பொலிசும் வருது. என்னை ஒருத்தரும் துரத்தேல்லை, அண்ணை. ஒரு நாய்கூட. ஆனா அகப்பட்டா அவ்வளவுதான்."

கோனரை நான் நம்பியது அன்றோடு சரி.

3

போன புதன்கிழமை துஷாந்தின் அப்பா வரதராஜா யாழ்ப்பாணத்தில் இறந்தார். மறுநாள் மத்தியானம் அக்கா யோகராணி அழைத்தார். துஷாந்த் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அன்ரியும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தம்பி, அறிவித்தல் வந்திட்டுது. அனுப்பியிருக்கிறன், பார்."

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் மரண அறிவித்தலில் இறந்தவருக்கு நாலு வரிதான். மிச்சமெல்லாம் இருப்பவர்களுக்கு. மகன், மகள், மருமகன், சம்பந்தி. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் இடம். கீழே தொடர்புகொள்ளத் தொலைபேசி எண்கள். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஊர் அறிந்துகொள்வது அதில்தான்.)

அவன் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தான். துஷாந்த் (நோபல் பார்க், அவுஸ்திரேலியா). கீழே அவனுடைய எண்.

"அக்கா, நோபல் பார்க் எண்டு ஏன் போட்டனீங்கள்?"

"பிறகென்ன? அத்தான்ர தம்பி தான் இருக்கிற இடம் ஸ்காபரோ எண்டு போட்டிருக்கிறார். நீ மட்டும் சும்மா அவுஸ்திரேலியா எண்டு வந்தா நல்லாவோ இருக்கும்?"

"நம்பர் ஆர் குடுத்தது?"

"நான்தான். அப்பாக்கு ஒரே ஒரு ஆம்பிளைப் பிள்ளை. சனம் உன்னட்டைத் துக்கம் விசாரிக்க வேண்டாமோ?"

"அக்கா, நான் இஞ்ச ஒளிச்சிருக்கிறன்."

அந்தப் பக்கம் செத்தவீட்டுப் பறைக்கு நடுவில் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு பி.ஆர். கிடைச்சிட்டுது, நிரந்தரமா இருக்க விட்டிட்டினம் எண்டு அப்பாட்டைச் சொன்னனீ. அப்பா ரோட்டில போறவாறவைக்கெல்லாம் சொன்னவர்."

"அப்பாட்டைச் சொன்னனான்தான்."

"இப்பவே அந்த அறிவித்தலை எடுக்கச் சொல்லுறன்." குரல் உடைந்திருந்தது. "ஆனா வாட்ஸ்அப்பில எல்லாரும் அனுப்பிப்போட்டினம், தம்பி."

4

அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. பெயரில்லாத உள்ளூர் எண்.

"எடாதை," என்றார் இராஜேஸ்வரி அன்ரி. "எடுத்தா எந்த வீடு எண்டு கேப்பினம். சட்டியில சோறு கறியோட வந்து நிப்பினம். சோத்தோட வாறவையை நான் என்னெண்டு திருப்பி அனுப்புறது?"

"அவையெண்டாப் பரவாயில்லை, அன்ரி."

வேறு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அவன் சிம்மை எடுத்துக் குப்பையில் போடுகிறான். ஒரு பையோடு பொயிண்ட் குக் என்ற இன்னொரு புறநகரில் தெரிந்தவன் ஒருவனிடம் போகிறான். அக்காவிடம் இருக்கும் எண்ணும் இனி வேலை செய்யாது. (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

ஆ) எடுக்கிறான். ஊரில் அவன் அப்பாவோடு படித்த ஒரு பெரியவர் விம்மி விம்மி (நிறுத்திவிட்டேன். எனக்கே கூசியது.)

இ) எடுக்கிறான். மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு அரசாங்கக் குரல், அப்பாவின் பெயரையே அவனுக்கு வைத்து, மிஸ்டர் வரதராஜாவோடுதானே பேசுகிறேன் என்று

அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அதே எண்.

துஷாந்த் என்னைப் பார்த்தான். "கதை எழுதிறனீங்கள்தானே, அண்ணை. ஆரெண்டு சொல்லுங்கோ."

கோனரை யார் தேடுகிறார்கள் என்றால் சொல்லியிருப்பேன்.

"அப்பா செத்து ஒரு நாளாச்சு," என்றான். "என்னட்டை ஒருத்தரும் அதைப் பற்றிக் கேக்கேல்லை."

நானும் கேட்டிருக்கவில்லை. அன்ரியும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் வீட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம்.

5

அழைப்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்தல் உங்களுக்கும் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறீர்கள், அல்லது இரண்டு மாநிலம் தள்ளி. ஊர்ப் பழக்கத்தில் எண்ணை அழுத்திவிட்டீர்கள். நல்ல எண்ணம்தான்.

சில விஷயங்கள் சொல்கிறேன். துஷாந்தா என்று தொடங்காதீர்கள். அவனைப் பிடிக்க வருகிறவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். வரதராஜாவின் மகனா என்று கேட்காதீர்கள். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, பி.ஆர். கிடைத்து எத்தனை வருடம் என்று நாம் வழக்கமாகக் கேட்கிற எதுவும் வேண்டாம். ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு வாரமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

அன்ரி கையை நீட்டித் தொலைபேசியைக் கேட்கிறார். அவன் கொடுக்கவில்லை. எடுத்துவிட்டான். காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நீங்கள் மூச்சு விடுவது அவனுக்குக் கேட்கிறது.

சொல்லுங்கள்.