வீரமுத்துவின் கயிறு

வரிசையில் நின்ற ஆறாவது பிள்ளையின் இடுப்பில் ராக்கம்மா கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, பாடையை முள்வேலிக் கதவுக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். சுடுகாடு பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் சீட்டு இல்லாமல் காவல்காரன் கதவைத் திறக்கமாட்டான். வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் பிணத்துக்கும் சீட்டு வேண்டும். வாய்க்கரிசியை வீட்டிலேயே போட்டு முடித்தாயிற்று. ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினால் காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவர்கள் அதைத் தின்றுவிட்டு ராஜ்ஜியத்தைக் கவிழ்த்துவிடுவார்களாம்.

பாடையில் கிடந்தவன் அவள் புருஷன் வீரமுத்து. காலையில் குளிப்பாட்டும்போது அவன் காதிலிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது.

கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளை லுக்குட் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாலும் சரி, திருவிழாவுக்குக் கூட்டிப்போனாலும் சரி, ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டித்தான் நடத்துவான். முன்முனை அவன் இடுப்பில் இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தபோது, மேல்தட்டில் பக்கத்துப் பாயில் கிடந்த குழந்தையை விடியும்போது காணவில்லை. தாயின் கவனக்குறைவு என்று கப்பல் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். உடைந்திருந்த தடுப்புக் கம்பியை யாரும் எழுதவில்லை. அன்று மிச்சப் பிள்ளைகளைப் பாய் கட்டிய கயிற்றால் கட்டியவன்தான், பிறகு விடவேயில்லை.

நேற்று வெள்ளைக்கார ராணிக்கு முடிசூட்டு விழா. தோட்டத்து ஜனங்களின் விசுவாசத்தில் மனம் இளகிய துரை, போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒரு மோட்டார் படகு பிடித்துக் கொடுத்தார். ‘கடல் உல்லாசப் பயணம்’ என்று கிராணி அமிர்தலிங்கம் ஆபீஸ் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டினார். கீழே எட்டு விதிகள். எச்சில் துப்பக்கூடாது, துரைக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டக்கூடாது, இப்படியே போயிற்று. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சின்னத் தீவு ஒன்றில் இறங்கும்போது துரை படம் பிடிக்கப் படப்பெட்டியைத் தூக்கினார். கயிற்றில் கடைசியாக நின்றது கிராணியின் மகள் செல்லம். தானாக ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டவள். இதென்ன ஆட்டு மந்தையா என்று கேட்டு, கிராணி தன் கையாலேயே அவளை அவிழ்த்து, தொப்பியைச் சரிசெய்து, இறங்கு பலகையின் நடுவில் தனியாக நிறுத்தினார். படகு ஆடியது. பிள்ளை விழுந்தது. வீரமுத்து தன் இடுப்புக் கயிற்றை உருவிவிட்டுக் குதித்து அவளை மேலே தூக்கிக் கொடுத்தான். அடுத்த அலைக்குத் திரும்பி வந்த படகு அவன் தலையைத் துறைக் கட்டையோடு நசுக்கியது. ராக்கம்மா எல்லாவற்றையும் படகிலிருந்து பார்த்தாள்.

இப்போது கிராணி கோட்டுப் போட்டு, மலர்வளையத்தோடு வந்திருந்தார். வளையத்தில் துரையின் பேர் பெரிதாகவும் கிராணியின் பேர் அதைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருந்தன. வீரமுத்துவின் பேருக்கு இடம் போதவில்லை போலும். ஒரு கையில் கதவுச் சீட்டு, மறு கையில் ஒரு காகிதம். காகிதத்தில் கைநாட்டு வைத்தால்தான் சீட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மேற்படி வீரமுத்து உத்தரவேதுமின்றி, தன்னிச்சையாக, பொழுதுபோக்கின் பொருட்டுக் கடலில் குதித்து...

ராக்கம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை குரல் அவ்வளவு கணீரென்று வரவில்லை.

“அவரு பொழுது போகாமலா குதிச்சாரு, கிராணி ஐயா?”

“எல்லாம் ஒரு பேப்பருக்குத்தான்மா. வெச்சிட்டுப் போ லா. வெயில் ஏறுது, பொணம் தாங்காது.”

“தாங்கும். வெயில்லயே கெடந்த ஒடம்பு. கயித்த அவுத்தது யாருன்னு அதுல எழுதுங்க, பத்து வெரலயும் வெக்கிறேன்.”

மேளம் நின்றது. கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி அவள் காதருகே வந்து, துரை கோபித்துக்கொண்டால் லயத்துக்கே கஷ்டம் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பாடை தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆறு பிள்ளைகளுக்குப் பின்னால் கயிற்றின் மிச்சம் மண்ணில் கிடந்தது.

கிராணி வீட்டுப் பக்கமிருந்து அவர் மனைவி வள்ளிநாயகி வந்தாள், செல்லத்தைக் கையில் பிடித்தபடி. புருஷனைக் கடந்து போய், குனிந்து, அந்த மிச்சக் கயிற்றை எடுத்து மகளின் இடுப்பில் சுற்றினாள். பழகாத கை, முடிச்சு தளர்ந்தது. ராக்கம்மா வந்து இறுக்கிவிட்டாள்.

கிராணி ஓரடி முன்னால் வைத்தார்.

“அவுக்காதீங்கப்பா,” என்றது பிள்ளை.

அவர் வேலியைப் பார்த்தார், மலர்வளையத்தைப் பார்த்தார். பிறகு சீட்டைக் காவல்காரனிடம் நீட்டினார். காகிதம் அவர் கோட்டுப் பைக்குள் போயிற்று. காவல்காரன் சீட்டைப் படிக்காமலேயே கதவைத் திறந்தான்.

பெண்கள் கதவோடு நின்றுவிடுவது வழக்கம். ராக்கம்மா கயிற்றின் முன்முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள்.

பெரிய ரோட்டில் வந்த பட்டாள லாரி, ஏழாவது பிள்ளை கடக்கும்வரை நின்றது.