பதினைந்துக்குக் கீழே

அவள் தொட்ட தண்ணீரில் எல்லாம் எண்ணெய் மிதந்தது. பிறந்த அன்று குளிப்பாட்டிய தொட்டியிலேயே நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் நிற்பதைப் பார்த்த நர்ஸ், சோப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா பத்தொன்பது வருஷம் வீட்டுப் பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்தாள். மற்றபடி அந்த வீட்டில் யாரும் இதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கப்பல் பொறியாளர் படிப்பில் சேர்ந்த பிறகுதான் அது தலைவலியானது.

அந்தக் கல்லூரியில், கடலைக் கெடுக்காமல் கப்பல் ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு பாடம் இருந்தது. நடத்தியவர் எட்டு வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்த ஆசிரியை. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். என்ஜின் அறையின் அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீரைச் செப்பரேட்டரில் விட்டு, எண்ணெயைத் தனியே எடுத்து, மிச்சத்தை எண்ணெய் அளவு காட்டும் மீட்டர் வழியாகக் கடலுக்கு அனுப்ப வேண்டும். பத்து லட்சம் பங்கில் எண்ணெய் பதினைந்து பங்கைத் தாண்டினால் ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது. இதில் தேறாதவரை எந்தக் கப்பலும் ஏற்றாது. மற்றவர்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது என்று காட்டிய மீட்டர், அவள் கை வைத்ததும் நாற்பதில் போய் உட்கார்ந்துகொண்டது. வடிகட்டியை மாற்றினாள். இயந்திரத்தைக் கழற்றிக் கழுவினாள். கையுறை போட்டாள், கையுறையும் மினுமினுத்தது.

அப்பா ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். தேர்வுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "மீட்டருக்குப் போற குழாயில கொஞ்சம் நல்ல தண்ணியைக் கலந்து விடும்மா. பூஜ்யம் காட்டும். நாங்கல்லாம் அப்படித்தான் ஓட்டினோம்."

"எத்தனை வருஷம்ப்பா?"

அவர் தட்டைப் பார்த்தார். "இருபத்திரண்டு."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். மறுநாள் தேர்வில் நல்ல தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆசிரியையும் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. அவள் வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு, நாற்பத்தொன்று என்றே எழுதிக் கொடுத்தாள். தேறவில்லை, ஒரு வருஷம் வீணாயிற்று. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள், அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்புக்குப் போய், எந்தக் கடலில், எந்தக் குழாய் வழியாக, எவ்வளவு ஊற்றினார் என்று முப்பது பேர் முன்னால் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவர் விரல் நுனிகளிலிருந்து கறுப்பு எண்ணெயும் கடல் தண்ணீருமாகச் சொட்டியது. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வாளியை வைத்தான். மதியத்துக்குள் பீப்பாய் தேவைப்பட்டது. "அவசரமே இல்ல சார், மெதுவா சொல்லுங்க," என்றார் ஆசிரியை. "பசங்க பழகறதுக்கு நிஜ அழுக்கு எங்க கிடைக்குது?" அது முதல் செவ்வாயும் வியாழனும் ஒன்பது மணிக்கு "அப்பாவின் கைகள்" என்று பாட அட்டவணையில் ஏறிற்று. சொட்டியதையெல்லாம் மாணவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

முப்பத்தேழாவது பீப்பாய் நிரம்பிய வாரம் அவளுக்கு மீட்டர் பதினான்கு காட்டியது, அடுத்த வாரம் பதினொன்று. அம்மா ஒரு காலையில் பாத்திரங்களை ஒரே தடவை தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

தேர்வில் தேறி அவள் கப்பலேறும் நாளில் அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"கை குடுங்கப்பா."

"கறை ஒட்டிக்கும்மா."

"ஒட்டட்டும்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், சங்கு ஊதும் வரை விடவில்லை. பிறகு ஒரு துணியில் கையைத் துடைத்து, அந்தத் துணியை எண்ணெய்க் கழிவுக்கான தொட்டியில் போட்டுவிட்டுப் படியேறினாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா மணியைப் பார்த்துவிட்டு வேகமாகக் கல்லூரிக்கு நடந்தார். இன்னும் ஆறு கடல்கள் பாக்கி இருந்தன.